18 முடிந்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஃபைல்களில் ஒரு தேதி நெருங்கும்போது எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்கும். குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு 18 வயது நிறையும் தேதி அது. நம் வீட்டுப் பிள்ளை என்றால் அன்றைக்குப் பாயசம் வைப்போம், மறுநாளும் அது அதே பாயில்தான் படுத்திருக்கும். இல்லத்துப் பிள்ளையோ பெட்டியைக் கட்ட வேண்டும். ரெண்டு மூன்று செட் துணி, மார்க் ஷீட் வைத்த பிளாஸ்டிக் கவர். "எங்கேப்பா தங்கப் போறே?" என்று கேட்டால், "ஃபிரெண்டு ரூம்ல இருந்துக்குறேன்க்கா" என்பார்கள். அந்த ரூமில் ஏற்கெனவே ஐந்து பேர் இருப்பார்கள். ரெண்டு மாதம் ஓடும். அப்புறம் வேலை பார்க்கும் ஓட்டலின் மொட்டை மாடி. வேலை போனால் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசல்.

யாரும் ஒரே ராத்திரியில் தெருவுக்கு வந்துவிடுவதில்லை. படிப்படியாகத்தான் வருகிறார்கள். எந்தப் படியிலும் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். என் வேலை அதுதான். கேஸ் மேனேஜ்மென்ட் என்று இதற்குப் பெயர். 'கேஸ்' என்றாலே பிள்ளைகளுக்குப் போலீஸ் ஞாபகம் வரும், அதனால் அவர்களிடம் நான் அந்தச் சொல்லை எடுப்பதே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். தங்குமிடம், வேலை, படிப்பு, உடம்பு, மனசு எல்லாவற்றையும் அந்த ஒரே ஆள் விடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சின்ன வயதில் இல்லத்தில் திறந்து கொடுத்த வங்கிக் கணக்கு இருந்தது. 18 ஆனதும் கையெழுத்து, ஆதார் எல்லாம் புதிதாகக் கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும். அது அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. சரி, இப்போதாவது மாற்றலாம் என்று போனால், ஆதாரில் இருந்தது ஓய்வு பெற்றுப் போன வார்டனின் பழைய நம்பர். ஓடிபி யாருக்கோ போகிறது. சம்பளம் ஏறவில்லை, வாடகை நின்றது. வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொல்லிவிட்டார். கம்பெனி விண்ணப்பத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்திலும் அந்த வார்டன் நம்பரைத்தான் எழுதியிருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

ஆதார் மையத்துக்கு அவனைக் கூட்டிப் போனேன். நம்பர் மாற்ற வேறு ஆவணம் எதுவும் தேவையில்லை, நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். "முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் ஏம்மா போகச் சொல்லப் போறேன்?" என்றார். அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று வளர்ந்த பிள்ளை, தவணை கேட்பதை எங்கே பழகியிருக்கும்?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்கு 21 வயது வரை பிற்காப்புக்கு, அதாவது வெளியே வந்த பிறகும் சொந்தக் காலில் நிற்கும்வரை கைகொடுப்பதற்கு, வழி செய்கிறது. விதிவிலக்காக இன்னும் ரெண்டு வருடம் நீட்டிக்கலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தத் திட்டத்தைப் பிள்ளையை உட்காரவைத்துப் பேசி எழுதினால் அது உயிருள்ள காகிதம். பல இடங்களில் ஒரே வாசகத்தைப் பெயர் மட்டும் மாற்றி எழுதிவைக்கிறார்கள். பணியாளர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு ஆள் தலையில் தாங்காத அளவுக்கு ஃபைல்களைக் கட்டுகிறோம். 16 வயதிலேயே வெளியேறும் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வங்கி, ஆதார், வாடகை அட்வான்ஸ், குழம்பு வைப்பது எல்லாம் அந்த ரெண்டு வருடத்தில் பழக வேண்டியவை.

வீடில்லாதவர்களுக்கு இரவுக் காப்பகம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நல்ல காரியம்தான். ஆனால் 18 வயதுப் பிள்ளைக்கு அது ஓர் இரவுக்கு ஒதுங்கும் இடம், குடியிருக்கும் இடமாகாது.

வீட்டோடு சண்டை போட்டு வந்த பிள்ளைகள் வேறு ரகம். அவர்களில் சிலருக்குத் தேவை வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவே உட்கார்ந்து பேச ஒரு பெரிய மனுஷி. ஆனால் அடி உதைக்குத் தப்பி வந்த பிள்ளையிடம் 'வீட்டுக்குப் போ' என்று ஒருபோதும் சொல்லக்கூடாது.

இதைக் கேட்கிறவர்களில் இல்லத்தில் வளர்ந்த தம்பி தங்கைகள் இருக்கலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் எந்த நேரமும் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். 18 தாண்டிவிட்டதென்றால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், 'எனக்குப் பிற்காப்பு வேண்டும்' என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். இல்லத்தில் கொடுத்த விடுவிப்பு ஆணை இருந்தால் எடுத்துப் போங்கள். தொலைந்துவிட்டதா? பரவாயில்லை, இல்லத்தின் பெயரும் நீங்கள் இருந்த வருடங்களும் சொல்லுங்கள், பதிவேட்டில் தேடச் சொல்லலாம். ரூம் இருக்கும்போதே போங்கள்.

நன்றி, வணக்கம்.