தொண்டையில் காறும் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணெய் காறுகிறது என்று யாராவது சொன்னால், அது நாள்பட்டுக் கெட்டுவிட்டது என்றே நாம் பொருள்கொள்வோம். ஆலிவ் எண்ணெய் விஷயத்தில் இந்தச் சொல்லைச் சற்றுப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். தரமான, புதிய ஆலிவ் எண்ணெயில் ஒரு தேக்கரண்டி எடுத்து, எதனுடனும் கலக்காமல் மெல்ல விழுங்கினால், முதலில் நாக்கில் இலேசான கசப்பும், ஓரிரு நொடி கழித்து அடித்தொண்டையில் மிளகைக் கடித்தாற்போன்ற காரமும் எழும். சிலருக்கு இருமலும் வரும். முதல்முறை சுவைத்தபோது, கெட்ட சரக்கு என்று எண்ணி நானும் புட்டியை மூடி ஒதுக்கி வைத்தேன்.

அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகாந்தல் என்னும் சேர்மம். இப்யூபுரோஃபென் என்னும் வலிநிவாரணி மருந்தின் திரவ வடிவம் தொண்டையில் தரும் எரிச்சலை நன்கறிந்த கேரி பியூசாம்ப் என்ற ஆய்வாளர், சிசிலித் தீவில் புதிய ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தபோது அதே எரிச்சலை உணர்ந்தார். அந்தப் பொறியிலிருந்து வளர்ந்த ஆய்வு 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது: வீக்கத்தைத் தூண்டும் நொதிகளை இப்யூபுரோஃபென் எவ்வாறு தடுக்கிறதோ, ஓலியோகாந்தலும் அவ்வாறே தடுக்கிறது. இதைக் கேட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். நாளொன்றுக்கு 50 கிராம் எண்ணெய் உண்டாலும், வலிநிவாரணத்துக்குப் பெரியவர்கள் உட்கொள்ளும் அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று அந்த ஆய்வே கணக்கிட்டிருக்கிறது.

பெரும்பாலான சமையல் எண்ணெய்கள் வித்திலிருந்து வருபவை. ஆலிவ் எண்ணெயோ பெரும்பாலும் பழத்தின் சதையிலிருந்து வருவது. ஒருவகையில் அது பழச்சாறுதான். நம் மொழியில் எள்ளின் நெய் எண்ணெய் ஆனதுபோல, ஆலிவைக் குறித்த கிரேக்கச் சொல்லான 'எலையா' இலத்தீனில் 'ஓலியம்' ஆகி, ஆங்கிலத்தில் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயரான 'ஆயில்' ஆயிற்று. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மரத்தை வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ரோம் நகரில் மோன்டே டெஸ்டாச்சோ என்றொரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரமுள்ள அது முழுவதும் உடைந்த எண்ணெய்ச் சாடிகளின் ஓடுகளால் ஆனது. அவற்றில் பெரும்பாலானவை இன்றைய தென் ஸ்பெயினிலிருந்து வந்தவை. இன்றும் உலகில் மிகுதியாக ஆலிவ் எண்ணெய் தயாரிக்கும் நாடு ஸ்பெயின்தான்.

பழச்சாறு என்பதால் அதற்குப் பழத்தின் பலவீனமும் உண்டு. பறித்த பழம் அடிபட்டுக் குவியலாகக் கிடந்தால் புளிக்கத் தொடங்கும். அந்தப் புளிப்பு வாடை எண்ணெயிலும் ஏறும். ஆகவே நல்ல ஆலைகள் பறித்த சில மணி நேரத்திலேயே பழத்தைக் கொட்டையோடு நசுக்கி, கூழைப் பிசைந்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கின்றன. இவை 27 பாகை செல்சியசுக்குக் கீழ் நடந்தால்தான் 'குளிர்முறை' என்று புட்டியில் எழுத ஐரோப்பிய விதி அனுமதிக்கிறது.

'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்னும் முதல்தரத்துக்கு, கொழுப்பு சிதைந்து பிரியும் கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது மட்டும் போதாது. பயிற்சி பெற்ற சுவைஞர் குழு எந்தக் குறையும் இல்லையென்று தீர்ப்பளிக்க வேண்டும். அவர்களுக்கு எண்ணெயை நீலக் கண்ணாடிக் குவளையில், இளஞ்சூடாக்கி, மூடித் தருவார்கள். பச்சை நிறம் கண்டு ஏமாறக் கூடாது என்பதற்காகவே அந்த நீலம். நிறத்தை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. வெறும் 'ஆலிவ் ஆயில்' என்றோ 'லைட்' என்றோ விற்பவை, சுத்திகரித்த எண்ணெயில், சுத்திகரிக்காத வர்ஜின் எண்ணெய் சிறிது கலந்தவை. 'லைட்' என்பது சுவையில்தான். கொழுப்பும் கலோரியும் குறைவதில்லை. 'போமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, இதன் கொழுப்பில் பாதிக்குமேல் ஓலிக் அமிலமே. பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்களின் பங்கும் உண்டு. 20 கிராம் எண்ணெயில் அவற்றுள் ஒன்றான ஹைட்ராக்சிடைரோசாலும் அதன் சார்புப் பொருள்களும் குறைந்தது 5 மில்லிகிராம் இருந்தால், இரத்தத்திலுள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க உதவும் என்று குறிப்பிட ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இசைகிறது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் மத்தியதரைக் கடல் உணவைப் பற்றி நடந்த 'ப்ரெடிமெட்' ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது; பங்கேற்பாளர்களைப் பிரித்ததில் பிழை தெரிந்ததால் அதைத் திரும்பப் பெற்று, 2018-இல் திருத்தி வெளியிட்டார்கள். திருத்திய பின்னும், இந்த எண்ணெயோடு மத்தியதரைக் கடல் உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் உள்ளிட்ட பாதிப்புகள் சுமார் 30 விழுக்காடு குறைவாகவே இருந்தன. ஆனாலும் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி இருக்கிறது. வழக்கமான கொழுப்புக்குப் பதிலாகத்தான் இதைச் சேர்க்க வேண்டும்.

வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றும் இதற்குப் பகை. வாங்கும்போது கருநிறப் புட்டியையும் அறுவடைத் தேதியையும் பாருங்கள். அர்பெக்கினா போன்ற சில ரகங்கள் இயல்பிலேயே மென்மையானவை. அவற்றில் காரத்தைத் தேட வேண்டாம். மற்றபடி நாளாக நாளாகத் தொண்டைக் காரம் தணியும். அது முற்றிலும் அடங்கி, எண்ணெய் வழுக்கிக்கொண்டு இறங்கி, மூக்கில் பழைய பருப்பின் சிக்கு வாடை மட்டும் தங்குகிறதா? அந்தப் புட்டிதான் உண்மையில் காறிவிட்டது.

வணக்கம்.