கடை கேமராவுக்குள் யாரோ குடியிருந்தார்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் கேமரா மாட்டுவதும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு, பாட் தாக்குதல் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. கால் வைக்க இடமில்லை, பில் போடுகிற கம்ப்யூட்டரோ நெட் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "தம்பி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடுது, கொஞ்ச நேரத்துல மறுபடி படுத்துக்குது" என்றார் முதலாளி. தேடிப் பார்த்தால், கேமராப் படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியிலிருந்து இடைவிடாமல் டேட்டா வெளியே போகிறது. பாஸ்வேர்டு, கம்பெனியில் போட்டு அனுப்பினதே. அதை மாற்றாமல் மாட்டிக்கொடுத்த ஆள் யார் என்றால், நான்தான்.

பாட் என்பது தானாக ஓடுகிற ஒரு நிரல். அது உங்களைத் தேடி வருவதில்லை. இணையத்தில் இருக்கிற முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும், திறந்ததில் நுழையும். 2016-ல் மிராய் என்று ஒன்று பரவியது. அதன் கையில் இருந்தது கம்பெனியில் போட்டு அனுப்புகிற அறுபது சொச்சம் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள், அவ்வளவுதான். எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய அமெரிக்கப் பையன்கள், அவர்கள் நிரலை வெளியே போட்ட சில வாரங்களில், அக்டோபர் 21 அன்று, அது பிடித்து வைத்திருந்த கேமராக்களும் ரவுட்டர்களும் சேர்ந்து இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக்கொடுக்கிற டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் சர்வர்களை மொய்த்ததில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல இடங்களில் திறக்கவில்லை. மிராய், தான் நுழைந்த பெட்டியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும்தான் உட்காரும். ஆஃப் பண்ணினால் போய்விடும், அதே பாஸ்வேர்டு இருந்தால் சில நிமிடங்களில்கூட திரும்பி வந்துவிடும். எம்.சி. ரோட்டில் உட்கார்ந்திருந்தது என்ன ரகமோ, நடந்துகொண்டது அப்படியேதான்.

"என்கிட்ட திருட என்ன இருக்கு?" என்று காசிமேடு வரைக்கும் எல்லாரும் கேட்கிறார்கள். உங்களிடம் திருட வரவில்லை, உங்கள் பெட்டியை வைத்து இன்னொருவரை அடிக்க வருகிறார்கள். இன்னொரு வகை உண்டு: எங்கோ கசிந்த பாஸ்வேர்டை எடுத்து, அதே ஆளின் மெயில், ஷாப்பிங் கணக்கு என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்ப்பது. அதற்கு, ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு, கூடவே ஓடிபி மாதிரி இரண்டாவது பூட்டு.

சரி, கடைக்கு என்ன செய்தேன்? பெட்டியை நெட்டிலிருந்து கழற்றி, ரீசெட் பண்ணி, புது மென்பொருள் ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றினேன். ரவுட்டரில் வெளியாள் நுழையத் திறந்திருந்த வழியையும் அடைத்தேன். கம்ப்யூட்டரையும் போனையும் சோதிக்க, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் பாட் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணமே போய்விட்டால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள்.

முதலாளி புது பாஸ்வேர்டாகக் கடைப் பெயரையே வைக்கப் பார்த்தார். விடவில்லை. "இவ்வளவு நீளமா எங்க தம்பி ஞாபகம் வெச்சிக்கிறது?" என்றார். கணக்கு நோட்டில் எழுதி கல்லாவுக்குள் பூட்டுங்கள் அண்ணே என்றேன். இணையத்தில் திரிகிற பாட் எதுவும் மிண்ட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வந்து அந்த நோட்டைப் புரட்டப் போவதில்லை.