தோட்டா நேராக உட்கார்ந்திருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரியில் துப்பாக்கி என்றதும் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையும் வெலிங்டன் ராணுவ முகாமும்தான் நினைவுக்கு வரும். இன்று பேசப்போவது அதைவிடச் சின்ன சங்கதி. என்.சி.சி. மாணவர்களும் ரைபிள் கிளப்காரர்களும் பழகும் பாயின்ட் டூ டூ (0.22 அங்குல) ரைபிளில், தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் அது அமரும் குழிக்குள், எப்படி உட்காருகிறது என்பது. தோட்டா என்றால் கூடு, மருந்து, முனையில் ஈயக் குண்டு எல்லாம் சேர்ந்தது.

சேம்பர் தோட்டாவைவிட ஒரு துளி அகலமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் தோட்டா உள்ளேயே போகாது. அந்த இடைவெளியில் தோட்டா தன் எடைக்குக் கீழ்ப்பக்கம் படுத்துவிடும். கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரோ அதன் விளிம்பை ஒரு பக்கமாக நெருக்கும். வெடித்ததும் குண்டு ரைஃப்ளிங்கில், அதாவது குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் வரிப்பள்ளங்களில், கோணலாக நுழைகிறது. ஈயம் மெத்தென்றது. கோணலாகவே செதுக்குப்பட்டு, குழல் நெடுக அப்படியே சுழன்றுகொண்டு போகும். குழல்வாயைத் தாண்டிய கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போலப் பக்கவாட்டில் ஒரு தள்ளல் வாங்கும்.

எவ்வளவு தள்ளல்? இந்த ரைபிள்களில் ரைஃப்ளிங் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டின் எடை மையம் நடுக்கோட்டை விட்டு 0.01 மில்லிமீட்டர் விலகினால், அதாவது தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கு விலகினால், 50 மீட்டரில் ஏறத்தாழ 7.7 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். அந்தத் தூரத்துப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். ஓட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டாலும் பத்து என்ற சலுகையைச் சேர்த்தாலும், மையத்திலிருந்து எல்லை 8 மில்லிமீட்டர்தான். ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிஸில் வெண்கலம் வென்றது இந்தத் தூரத்தில், இந்த அட்டையில்தான்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தால் பெரிய நஷ்டமில்லை. எல்லாக் குண்டும் ஒரே திசையில் விலகும், குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். ஒரு முறை இடப்பக்கம், மறுமுறை மேல்பக்கம் என்று மாறினால்தான் குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், விரிகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. சுடுமிடத்தில், அதிகாரியின் அனுமதியோடு, குழல் இலக்கை நோக்கியபடியே தோட்டாவைப் போட்டு, சேம்பரை அடைக்கும் போல்ட்டை மூடி, சுடாமல் மெதுவாகத் திறந்து எடுங்கள். போட்டி ரைபிளின் சேம்பர் இறுக்கமானது. குண்டின் மேல் ரைஃப்ளிங் தடம் விழுந்திருக்கும். சுற்றிலும் சமமாக விழுந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் வெறுமை என்றால் சாய்வு. சாதாரண ரைபிளில் தடமே விழாமல் போகலாம், அது பழுதல்ல. குண்டு குழலிலேயே சிக்கி வெறும் கூடு மட்டும் கையோடு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம் என்று நினைக்கவே கூடாது.

தோட்டாவே கோணலாகவும் இருக்கலாம். கண்ணாடித் தகட்டின் விளிம்புக்கு வெளியே பின் விளிம்பு தொங்கும்படி வைத்து உருட்டுங்கள். மூக்கு ஆடினால் தெரியும். ஆட்டம் மேலே வரும் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இப்படி 20 எடுத்து, 10 தோட்டாவைப் புள்ளி மேலே பார்க்கவும், 10 தோட்டாவை இஷ்டப்படியும் போட்டு, ஐந்தைந்தாக மாற்றி மாற்றிச் சுட்டு ஒப்பிடலாம். மேகசினிலிருந்து (தோட்டாப் பெட்டியிலிருந்து) ஏற்றாமல் கையால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஏறும்போது சரிவில் உரசி ஈயம் சிராய்த்துவிடும்.

ஆனால் ரைபிள் திடீரென்று சிதறத் தொடங்கினால், பெரும்பாலும் குற்றவாளி அழுக்குதான். டெலஸ்கோப்பை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். கூட்டின் வாய்க்குச் சற்று முன்னால் கரியும் மெழுகும் ஈயமும் சேர்ந்து வளையமாகக் கெட்டித்துவிடும். தோட்டா அதில் முட்டி நிற்கும், போல்ட் மூட இழுப்பாக இருக்கும். குண்டில் பூசிய மெழுகு உதகையின் மார்கழிக் காலையில் விறைத்துப்போவதால் படிவு கெட்டியாகவே இருக்கும். கரைப்பான் தோய்த்த துணியைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பித்தளை பிரஷ்ஷால் சேம்பர் முனையை மட்டும் சுழற்றி, உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். சுத்தம் செய்த பிறகு முதல் சில குண்டுகள் வேறிடத்தில் விழும். மதிப்பெண்ணில் சேர்க்காமல் அவற்றை வீணாகச் சுட்டுவிட்டுத் தொடங்குங்கள்.