லேப்டாப் ஒலி கேட்கவில்லை என்றால் காதில் குறையா?

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "ஒலி பாடம் நடத்தும்போது லேப்டாப்பில் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டேன். பாதிப் பிள்ளைகள் கேட்கிறது என்றார்கள், மீதிப் பேர் கேட்கவில்லை என்றார்கள். அவர்களுக்குக் காதில் குறையா?"

இல்லை டீச்சர், அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். 15,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 15,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் சுமார் 2.3 சென்டிமீட்டர்தான். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து ஓரிடத்தில் வலுக்கும், விரற்கடை தள்ளி மங்கிவிடும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே சத்தம் மாறும். முதல் பெஞ்சில் கேட்காதது மூன்றாம் பெஞ்சில் கேட்கலாம். லேப்டாப் ஸ்பீக்கரும் அவ்வளவு உயர்ந்த ஒலியில் ஒழுங்காகப் பேசாது. காதைச் சோதிப்பது மருத்துவரிடம், சத்தம் புகாத அறையில், அதற்கென உள்ள கருவியில் நடக்க வேண்டியது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டாதீர்கள். அதே வால்யூமில் அடுத்து 3,000 ஹெர்ட்ஸ் போட்டால் பிள்ளைகளின் காதில் அறைந்த மாதிரி இருக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது அந்த வட்டாரத்தில்தான்.

சரி, சாதாரண ஸ்பீக்கரில் எதைக் காட்டலாம்? ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 200, 400, 600, 800, 1,000 ஹெர்ட்ஸ் ஒலிகளைத் தனித்தனியாக உருவாக்கி, ஒன்றாக ஒலிக்க விடுங்கள். பிறகு 200-ஐ மட்டும் நிறுத்திவிடுங்கள். ஒலியின் நிறம், அதாவது அதன் தனித்தன்மை, கொஞ்சம் மெலியும், சுருதி இறங்காது, ஏறாது. இல்லாத 200 ஹெர்ட்ஸ் சுருதியை மூளை மற்ற நான்கிலிருந்து தானே கட்டிக்கொள்கிறது. எனக்கு இன்றும் இது அலுக்கவில்லை. பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சரியாகக் கடத்தாது. ஆனால் 120 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் அப்பாவின் கட்டைக் குரல் அதில் கட்டைக் குரலாகவே கேட்டதே, அது இப்படித்தான். பிள்ளைகளிடம் முதலில் விளக்கம் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள்.

அடுத்தது உங்கள் ஊருக்கே பொருந்துவது. அம்மாப்பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்கிற பிள்ளைகள் நிறைய. பல வருடம் தறி ஓட்டியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் பழுதாவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கேட்கும் திறன். காதுக்குள் அந்த ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. அதனால்தான் தாத்தா, "நீ பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்கிறார். அவர் காது முழுதாகப் போய்விடவில்லை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த ஒலிகள்தான் அவருக்கு எட்டவில்லை.

இதைக் காட்ட ஒரு பிள்ளையை "பத்து, பட்டு, கத்தி, கட்டி" என்று வரிசை மாற்றி மாற்றிச் சொல்ல வைத்துப் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டியில் லோ-பாஸ் ஃபில்டரை 1,500 ஹெர்ட்ஸில் வைத்து மேலே இருப்பதை வெட்டிவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். சத்தம் நன்றாகக் கேட்கும், ஆனால் பத்தா பட்டா என்று தடுமாறுவார்கள். அப்புறம் அன்று மாலை வீட்டில் தாத்தாவிடம் முகம் பார்த்து, நிதானமாக, உதடு தெரியும்படி பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் அவர் என்ன பதில் சொன்னார் என்று கேளுங்கள்.