ஏலேயா, ஏட்டியா?

[காட்சி: குறுக்குத்துறை படித்துறை, காலை. துணி துவைக்கிற சத்தம்.]

நம்ம திருநெல்வேலிப் பக்கம் பையன்னா "ஏலே", பொண்ணுன்னா "ஏட்டி". நடுவுல ஒரு சொல்லு கிடையாது. அப்போ குரோமோசோமோ ஹார்மோனோ உறுப்போ ரெண்டு பக்கமும் அடங்காமப் பொறக்குற பிள்ளையை எப்படிக் கூப்பிட? இன்டர்செக்ஸ்ம்பாங்க, தமிழ்ல ஊடுபால். திருநங்கை, திருநம்பிங்கிறது வேற. அது தன்னை யாருன்னு உணர்றது. இது உடம்போட வாகு.

[திரையில்: புத்தக அட்டைகள்]

இப்படிப் பிள்ளைகளைப் பத்தின நாவல்கள்ல பேர்பெற்றது, 2003ல அமெரிக்காவோட புலிட்சர் பரிசு வாங்குன 'மிடில்செக்ஸ்'. ஜெஃப்ரி யூஜெனிடிஸ் எழுதினது. பெண்ணா வளர்ந்த பிள்ளை, 14 வயசுக்கு மேல கால்ங்கிற பேர்ல ஆணா வாழுது. நடை அபாரம். ஆனா தாத்தாவும் பாட்டியும் கூடப்பிறந்தவங்கன்னு வச்சு, அந்த வினை பேரப்பிள்ளை தலையில வந்து விடியுற மாதிரி ஆக்கிட்டார். எனக்கு அங்கதான் இடிக்குது. "முன்னோர் செஞ்ச பாவம்"னு ஊர்ல ஏற்கெனவே சொல்லுதாங்க; அதுக்கு நாவல் வேற எதுக்கு?

2015ல வந்த 'நன் ஆஃப் தி அபவ்' எழுதின ஐ. டபிள்யூ. கிரிகோரியோ ஒரு சர்ஜன். அதுல வர்ற பொண்ணுக்கு எக்ஸ்ஒய் குரோமோசோம். ஆண் ஹார்மோன் சுரந்தாலும் உடம்பு அதைக் கண்டுக்கிடாது. வெளியில பெண் உடம்பு. கர்ப்பப்பை இல்ல, மாதவிடாய் வராது.

இதையே இந்தப் படித்துறையில வச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரி கேப்பா: "ஏளா, ஒம் மகளுக்கு இன்னும் சடங்கு வைக்கலியே?" அம்மா பதில் சொல்லாம, பிழிஞ்ச சேலையவே மறுபடியும் பிழிவா. தாய்மாமன் எடுத்த பட்டுப்பாவாடை பெட்டியிலயே கெடக்கும். டாக்டர் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாலயே கதை வந்தாச்சு.

எழுதுறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். பொறந்த பிள்ளைக்கு ஆபரேஷன் பண்ணி "சரியாக்குற" காட்சி வச்சா, கதை நடக்குற வருஷத்தைப் பாருங்க. தூத்துக்குடி கோயில்ல நடந்த ஒரு கல்யாணத்தை, மணப்பொண்ணு திருநங்கைன்னு பதிய மறுத்ததுல வந்த வழக்கு. அதுலதான் 2019 ஏப்ரல்ல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆபரேஷனுக்குத் தடை போடச் சொல்லுச்சு. ஆகஸ்ட்ல அரசாணை வந்துட்டு; உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு.

அப்புறம் விகுதி. "வந்தான்", "வந்தாள்"னு ஒவ்வொரு வரியிலயும் ஒரு தீர்ப்பு. "வந்தேன்"ல பாலே கிடையாது. அதனால கதையை அந்தப் பிள்ளையே சொல்லட்டும்ங்கிறது என் கட்சி. வேற ஆள்தான் சொல்லணும்னா எங்க ஆச்சி பேச்சு இருக்கு. பையனோ பொண்ணோ, அடுப்படியில இருந்து ஒரே கேள்விதான்:

"பிள்ள சாப்ட்டுச்சா?"