பழைய பென்ஸ் எடுக்கலாமா?

வணக்கம் நேயர்களே. நான் கோலாலம்பூர் செந்தூலில் கார் பட்டறை நடத்துகிறேன், ஐரோப்பிய வண்டிகள்தான் எங்களிடம் அதிகம் வரும். இன்றைக்கு நான் பேச வந்தது, நம் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியைப் பற்றி: “அண்ணே, பழைய பென்ஸ் ஒன்னு பார்த்தேன், நல்ல விலைக்கு வருது, எடுக்கலாமா?”

விலை நல்ல விலைதான். ஜாலான் ஈப்போ, சிகாம்புட் பக்கம் பழைய கார் கடைகளில் ஒரு நடை நடந்து பாருங்கள், புது பெரோடுவா மைவி, அந்தச் சின்னக் காரை வாங்கும் பணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய இ-கிளாஸ் நிற்கும், பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் நிற்கும். கதவைச் சாத்தினால் வருகிற அந்தச் சத்தம், தோல் சீட், நெடுஞ்சாலையில் 110இல் போனாலும் உள்ளே நிதானமாகப் பேசிக்கொண்டு போகலாம். ஆசை வருவதில் தப்பே இல்லை, எனக்கும் அந்த வண்டிகள்மேல் பிரியம் உண்டு, அதனால்தான் வருஷக்கணக்காக அவற்றோடு கிடக்கிறேன்.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் சாமான்களின் விலை அப்படி இறங்கவில்லை. புதிதாக வந்தபோது சில லட்சம் வெள்ளிக்கு விற்ற வண்டி அது, அதன் கியர் பாக்ஸுக்கும் காற்று சஸ்பென்ஷனுக்கும் அந்த விலைக்கு ஏற்ற செலவுதான் இன்றைக்கும் ஆகும். ஐம்பதாயிரத்துக்கு வாங்கினோம், ஐம்பதாயிரம் வெள்ளி கார் மாதிரி செலவு வரும் என்று கணக்குப் போடுகிற இடத்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ரோட் டேக்ஸ். தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கு எஞ்சின் சிசியை வைத்துத்தான் கணக்கு. 1.5 லிட்டர் மைவிக்கு வருஷத்துக்கு 90 வெள்ளி. 2.0 லிட்டர் பிஎம்டபிள்யூ 520ஐ என்றால் 380 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை. 2,497 சிசி 523ஐ என்றால் 877. மூன்று லிட்டர் இ280 என்றால் 2,120. மலிவாக வருகிறது என்று 3.5 லிட்டர் எஸ்-கிளாஸ் எடுத்தீர்களானால் 4,371 வெள்ளி, வருஷா வருஷம். கார் பழசாகிவிட்டது என்பதற்காக இந்தத் தொகை குறையாது. பெரிய எஞ்சின் வண்டிகள் ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் இன்சூரன்ஸ். பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். பழைய காரை மோதிவிட்டு உங்கள் சொந்த இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்து, பழைய சாமானுக்குப் பதில் புதுசு போட்டால், அந்தப் புது சாமான் விலையில் ஒரு பங்கை உங்களையே கட்டச் சொல்ல முடியும். வண்டிக்குப் பத்து வயது தாண்டியிருந்தால் அது 40 விழுக்காடு வரை போகும். ஒரு பென்ஸ் ஹெட்லைட்டின் விலையில் 40 விழுக்காடு எவ்வளவு என்று கடையில் கேட்டுப் பாருங்கள், பிறகு இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் இதற்குத் தனிப் பாதுகாப்பு சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

வண்டிக்கு வருவோம், எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான். எந்த மாடல், எந்த வருஷம் என்பது ரொம்ப முக்கியம். டபிள்யூ211 என்ற மாடல் குறியீடு கொண்ட இ-கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆரம்ப வருஷங்களில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருந்தது, அதன் பம்ப் போனால் பெரிய செலவு. 2006இல் முகம் மாற்றி வந்த வண்டிகளில் அதை எடுத்துவிட்டு சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பிவிட்டார்கள். அதே காரில் எம்272 என்ற வி6 எஞ்சின் இருந்தால், ஆரம்பகாலத் தயாரிப்புகளில் உள்ளே எஞ்சின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டின் பல் தேய்கிற குறை உண்டு, எஞ்சினைக் கீழே இறக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. எஞ்சின் நம்பரை வைத்துத் தெரிந்துகொள்ளலாம், ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் நம்பரை வாங்கி விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். பிஎம்டபிள்யூ பக்கம் போனால் 523ஐ போன்ற வண்டிகளில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, போகும்போது சொல்லிக்கொண்டு போகாது, ஃபெடரல் ஹைவே ஜேமில் நிற்கும்போது டெம்பரேச்சர் எச்சரிக்கை வந்தால்தான் தெரியும். அதற்குப் பின் வந்த எஃப்10 மாடல் 520ஐ, 528ஐ வண்டிகளின் என்20 எஞ்சினில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் உடையும், 2015க்கு முந்தைய வண்டி என்றால் செயின் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டி, ஹோஸ் முனைகள் எல்லாம் பிளாஸ்டிக், தினமும் ஜேமில் வெந்து வெந்து உதிர்ந்துபோகும். கியர் எண்ணெயை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் விற்கிறவர்கள் சொல்வார்கள், பிஎம்டபிள்யூவுக்குக் கியர் பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. இந்த ஒரு ரசீது ஃபைலில் இருந்தால் அந்த ஓனர் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் என்று நான் நம்புவேன். மீட்டரில் தெரியும் மைலேஜைவிட எனக்கு அந்த ஃபைல்தான் பெரிது, ஏனென்றால் மீட்டரைக் குறைத்துவிடலாம், பத்து வருஷ ரசீதுகளை அவ்வளவு சுலபமாக ஜோடிக்க முடியாது.

பார்க்கப் போகும்போது, “நான் வருகிற வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல சத்தங்களை மறைத்துவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முதல் தடவை முடுக்கும்போது செயின் சத்தம் கேட்கிறதா, நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம், வெள்ளத்தில் கிடந்த வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக் கறை தங்கியிருக்கும். வாகனச் சோதனை செய்யும் புஸ்பாகோமில் பாஸ் ஆகிவிட்டது என்று விற்பவர் காகிதத்தை நீட்டுவார். பெயர் மாற்றுவதற்கான பி5 சோதனை பெரும்பாலும் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் போன்ற அடையாளங்களைப் பார்ப்பதற்கு. உங்கள் கியர் பாக்ஸ் இன்னும் இரண்டு வருஷம் தாங்குமா என்று அது சொல்லாது. அதற்கு உங்கள் செலவில், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று விற்பவர் மறுத்தால் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், அதே மாதிரி வண்டி இன்னொன்று கிடைக்கும்.

இப்போது என் முடிவைக் கேட்டால், எடுக்காதே என்று நான் யாரையும் தடுப்பதில்லை. கடனே இல்லாமல் வாங்க முடிகிறவர், வாங்கிய பிறகும் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கையில் தனியாக வைத்திருப்பவர், வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றாலும் வேலைக்குப் போக வேறு வழி உள்ளவர், இவர்கள் தாராளமாக எடுக்கலாம், சந்தோஷமாக ஓட்டலாம். சம்பளத்தில் பாதி மாதத் தவணைக்கே போகிற இருபத்தைந்து வயசுத் தம்பி, அடுத்த வருஷம் தங்கச்சி கல்யாணம் இருக்கிற குடும்பம், தயவுசெய்து வேண்டாம். சாமான் வாங்கப் பணம் இல்லாமல் பட்டறை வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் பென்ஸ்களை நான் பார்க்கிறேன், அதற்கும் பேங்குக்குத் தவணை போய்க்கொண்டுதான் இருக்கும், அந்தப் பிள்ளை மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவான், பார்க்க மனசு வலிக்கும்.

சொகுசு வேண்டும், இவ்வளவு பயமும் வேண்டாம் என்றால் 2013 வாக்கில் வந்த லெக்சஸ் இஎஸ்250 பாருங்கள். அதில் இருப்பது அந்தக் காலத்து 2.5 லிட்டர் கேம்ரியின் எஞ்சின்தான், ரோட் டேக்ஸ் 874 வெள்ளி, அந்த எஞ்சினைத் தொடத் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார்.

கடையில் வாங்கி ஏமாந்துவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை நஷ்டஈடு கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. கடைக்காரர் வாயால் சொன்ன வாரண்டியை எல்லாம் வாங்கும் அன்றே எழுத்தில் வாங்கி, ரசீதோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கேட்கப்போவது அதைத்தான்.

நன்றி, வணக்கம்.