ஒரு ஓட்டத்துக்குச் சட்டமன்றத் தீர்மானம் எதற்கு?

(திரையில்: பூங்காச் சாலை, காலை நேரம். நெஞ்சில் எண் குத்திய கூட்டம்.)

ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். சிலர் ஓடுகிறார்கள், பலர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். ஸ்பீக்கரில் ‘சோகா’ என்ற கரீபிய ஆட்டப்பாட்டு, தோள்களில் ஜமைக்கா, ஹைட்டி, கயானா கொடிகள். அமெரிக்காவில் கரீபிய மக்கள் அதிகம் வாழும் ஊர்களில் இப்படிப்பட்ட ஓட்டங்கள் உண்டு. சில இடங்களில் தொகுதி உறுப்பினரும் வருவார். மாநிலச் சட்டமன்றம் இந்த ஓட்டத்தைப் பாராட்டித் தீர்மானம் போட்டிருக்கிறது என்று அறிவித்து, ஃபிரேம் போட்ட தாளைக் கொடுப்பார்.

அந்தத் தாளால் சட்டப்படி என்ன மாறும்? ஒன்றும் மாறாது.

நியூயார்க் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். செனட்டில் 63 பேர், அசெம்பிளியில் 150 பேர். மசோதா என்றால் இரண்டு அவைகளையும் தாண்டி ஆளுநரிடம் போக வேண்டும். பாராட்டுத் தீர்மானத்துக்கு ஒரு அவை சம்மதித்தால் போதும். இந்த அவை தன் அலுவலைச் சற்று நிறுத்திப் பாராட்டுகிறது என்று ஒரு வரி வரும், பிரதியை உரியவருக்கு அனுப்பச் சொல்லி இன்னொரு வரி வரும். பைசா ஒதுக்கீடு கிடையாது. நூறு வயது தொட்ட பாட்டிக்கும் கோப்பை வென்ற பள்ளி அணிக்கும் இதே மரியாதைதான்.

வாஷிங்டனில் இந்த வழக்கம் அளவு மீறிப் போனதால், 1995-இல் பிரதிநிதிகள் சபை இப்படி நாள், வாரம், மாதம் அறிவிக்கும் தீர்மானங்களுக்குத் தடையே போட்டது. அதற்குப் பிறகும் கரீபிய அமெரிக்கர்களுக்குத் தங்கள் பாரம்பரியத்தைக் கொண்டாட ஒரு மாதம் கிடைத்தது. வாஷிங்டனில் கரீபிய ஆய்வு நிறுவனம் தொடங்கிய கிளேர் நெல்சன் பல ஆண்டுகள் அதற்காக அலைந்தார், கலிஃபோர்னியா உறுப்பினர் பார்பரா லீ தீர்மானம் கொண்டுவந்தார். தடையில் சிக்காமல் இருக்க, ‘அப்படி ஒரு மாதம் இருக்க வேண்டும் என்பது காங்கிரஸின் கருத்து’ என்று சுற்றி வளைத்த வாசகம். சபை 2005-இல் ஏற்றது, செனட் 2006 பிப்ரவரியில். அந்த ஆண்டே அதிபர் புஷ் ஜூனை அந்த மாதமாக அறிவித்தார். ஜூன் மாதம் விழா வைக்க அமைப்பாளர்களுக்கு நல்ல காரணம் கிடைத்தது.

சரி, கலாசார விழா என்றால் பாட்டும் சாப்பாடும் போதாதா, ஓட்டம் எதற்கு? ஒரு காரணம் எல்லோருக்கும் தெரியும்: கரீபியத் தீவுகள் ஓட்டத்துக்குப் பேர் போனவை. ஜமைக்காவில் பள்ளி மாணவர்களின் ‘சாம்ப்ஸ்’ தடகளப் போட்டி 1910 முதல் நடக்கிறது. 2024 பாரிஸில் பெண்கள் 100 மீட்டர் தங்கம் குட்டித் தீவான செயின்ட் லூசியாவுக்குப் போனது.

இன்னொரு காரணம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும்.

(திரையில்: போர்ட் ஆஃப் ஸ்பெயின், 2007)

2007 செப்டம்பர் 15 அன்று ‘காரிகாம்’ என்ற கரீபிய நாடுகள் கூட்டமைப்பின் தலைவர்கள் டிரினிடாடில் கூடினார்கள். பேச்சு வர்த்தகம் பற்றியல்ல, நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் பற்றி. தொற்றா நோய்களுக்காகவே நாட்டுத் தலைவர்கள் கூடியது உலகிலேயே அதுதான் முதல் தடவை. வெளியிட்ட பிரகடனத்தில் புகையிலைக் கட்டுப்பாடு, பள்ளிகளில் உடற்கல்வியை மறுபடி கட்டாயமாக்குவது, உணவில் டிரான்ஸ் கொழுப்பை நீக்குவது எல்லாம் இருந்தன. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை ‘கரீபிய நலவாழ்வு நாள்’ என்றும் முடிவானது. அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாளில் பல தீவுகளில் நடையும் ஓட்டமும் நடக்கின்றன. 2011-இல் ஐ.நா. பொதுச்சபை இதே நோய்களுக்காக உயர்நிலைக் கூட்டம் போட்டதற்குப் பின்னால் இந்தக் குட்டி நாடுகளின் விடாப்பிடி இருக்கிறது.

(இந்தச் சர்க்கரைக் கவலை நமக்கும் அந்நியமல்ல. கயானா, குவாடலூப் மக்களில் சிலரின் முன்னோர் மதராஸிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்.)

அந்தப் பிரகடனம் அரசுகளுக்கு வேலை வைத்தது. பாராட்டுத் தீர்மானம் யாருக்கும் வேலை வைப்பதில்லை, அதனால்தான் அது சுலபமாக நிறைவேறுகிறது. அதற்காக வேண்டாம் என்று தள்ளுவதும் சரியல்ல. ஸ்பான்சரைப் பார்க்கப் போகும்போது, ஓட்டத்தன்று ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாரம் போடச் சொல்லி மருத்துவமனையைக் கேட்கும்போது, அரசு முத்திரையுள்ள தாள் ஒன்று கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் நகரும்.

ஆனால் அந்தப் பூங்காவில் விளக்கு வேண்டும், உடைந்த நடைபாதையைச் சரிசெய்ய வேண்டும் என்றால் அது பட்ஜெட் விஷயம். நியூயார்க்கில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, ஆளுநரின் பட்ஜெட் ஜனவரியிலேயே வந்துவிடும். ஜூன் மாத மேடையில் உறுப்பினரிடம் கேட்டால் அந்த ஆண்டுக்கு நேரம் தாண்டிவிட்டது. குளிர்காலத்திலேயே அவர் அலுவலகத்துக்குப் போய்விடுவது நல்லது.